உடல் சூடும் கலோரியும்: எங்கே தப்புக்கணக்குப் போடுகிறோம்

நிறைய வியர்த்தால் கொழுப்பு கரையும் என்று நம்பி, ஒரு காலத்தில் நானும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியவன்தான். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து கோட்டைக் கழற்றினால் கைப்பகுதியிலிருந்து வியர்வை கொட்டும். எடை மெஷினில் ஏறினால் ஒரு கிலோ காணாமல் போயிருக்கும். அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான். தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, மறுபடி ஏறிப் பார்த்தால் போன கிலோ பத்திரமாகத் திரும்பி வந்திருக்கும்.

அப்போதே கணக்குப் போட்டிருக்கலாம். உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 600 கலோரி செலவு என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவும் கொழுப்பிலிருந்தே வந்தது என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும், கரைவது 80 கிராம்கூட இல்லை. மீதி 900 சொச்சம் கிராமும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

வியர்ப்பது உடல் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதிலும் கீழே சொட்டுகிற வியர்வையால் பெரிதாகப் பயனில்லை. தோலின்மேல் ஆவியாகிற வியர்வைதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் வெளியேறும். மழைக்கோட்டு அடைப்பது அந்த வழியைத்தான். உள்ளே சூடு ஏறும், உடல் இன்னும் வியர்க்கும், தண்ணீர்தான் தீரும். 1997-இல் அமெரிக்காவில், எடைப் பிரிவுக்குள் வருவதற்காகக் காற்றுப் புகாத உடை அணிந்து உடற்பயிற்சி செய்த கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள்.

சரி, இந்தச் சூடு எங்கேதான் பிறக்கிறது? ஓடும்போது மட்டும் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. சும்மா உட்கார்ந்திருக்கிறவரின் உடலே 80 முதல் 100 வாட் வரை வெப்பம் விடுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. அதிகம் ஓடியாடாத ஒருவரின் அன்றாடக் கலோரிச் செலவில் 60 முதல் 70 சதவீதம், உயிரோடு இருப்பதற்கே போய்விடும். அதில் பெரும்பங்கு வாங்குவது கல்லீரலும் மூளையும் இதயமும் சிறுநீரகமும்.

தசை கூடினால் தூங்கும்போதுகூடக் கொழுப்பு எரியும் என்று ஜிம்மில் சொல்வார்கள். பொய் இல்லை, ஆனால் தொகையைக் கேட்டால் சப்பென்று போய்விடும். ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கல்லீரலுக்கு 200, மூளைக்கு 240, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தலா 440. பாடுபட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினால் கிடைப்பது நாளுக்கு 26 கலோரி. எடை தூக்க வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு; இது அந்த வரிசையில் கடைசி.

ஐஸ் தண்ணீர் குடித்தால் கலோரி கரையும் என்கிற கதையும் இப்படித்தான். 5 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை 37 டிகிரிக்குக் கொண்டுவர உடலுக்கு 16 கலோரி போதும். மிளகாய் தின்றால் உடம்பு எரிகிறதே என்றால், அங்கே எரிவது பெரும்பாலும் நரம்பு உணர்வு. சுடும் பொருள் பட்டால் கூவுகிற அதே உணர்வியை மிளகாயின் காரப்பொருளும் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான்.

நிஜமாகவே சூட்டுக்கென்று இருக்கிற திசு ஒன்று உண்டு: பழுப்புக் கொழுப்பு. பச்சைக் குழந்தைகளிடம் மட்டும்தான் இது இருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். பெரியவர்களின் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் இது வேலை செய்கிறது என்பதை 2009-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதன் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு புரதம், செல்லுக்கு எரிபொருளாக மாற வேண்டிய ஆற்றலைக் கசியவிட்டு நேரே சூடாக்கிவிடும். ஆனால் பெரியவர்களிடம் இந்தத் திசு கொஞ்சம்தான். குளிர் அதைத் தூண்டிவிடும் என்று நம்பி ஐஸ் தொட்டியில் இறங்குவதில் எடைக்குப் பெரிய லாபம் இல்லை.

இதே கசிவை மாத்திரையால் உண்டாக்கலாம் என்று 1933-இல் டைநைட்ரோபீனால் என்ற ரசாயனத்தை எடை குறைக்கக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எடை குறையத்தான் செய்தது. பழுப்புக் கொழுப்புக்கு மூளை பிரேக் போடும். இதற்குப் பிரேக்கே கிடையாது. உடல் உள்ளிருந்தே வெந்து பலர் இறந்தார்கள், பார்வை போனவர்களும் உண்டு. 1938-இல் அமெரிக்காவில் அது மருந்துப் பட்டியலிலிருந்து போனது. இணையத்தில் இன்னும் விற்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

பட்டினி கிடந்தால் வேகமாக இளைக்கலாம் என்பதுதான் நான் பார்த்ததில் அதிகம் பேர் செய்யும் தவறு. வரவு குறைந்தால் உடலும் செலவைச் சுருக்கிவிடும். 1945-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்கள் 24 வாரம் அரைவயிற்றோடு இருந்தார்கள். ஓய்விலிருக்கும்போது ஆகும் செலவு சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஜூலை மாத வெயிலிலும் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்கள். தொலைக்காட்சிப் போட்டிக்காக மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து 2016-இல் அளந்தபோதும் இதே கதைதான்: அவர்கள் உடல்வாகுக்கு ஆக வேண்டிய செலவைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவு. எடையோ பெரும்பாலானோருக்குத் திரும்பியிருந்தது.

இந்தச் சிக்கனம் நம் கண்ணில் படாத இடங்களிலும் நடக்கும். கால் ஆட்டுவது, எழுந்து போய் எடுப்பது, நின்று பேசுவது எல்லாம் தன்னால் குறையும். தலைகீழாகவும் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் 16 பேருக்கு எட்டு வாரம் தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூடச் சேரவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். தெரியாமலே அதிகம் அசைந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

கடைசியாக, உயிர் விஷயம் ஒன்று. காய்ச்சலும் வெப்பத்தாக்கும் ஒன்றல்ல. காய்ச்சலில் மூளையே வெப்பநிலை இலக்கை உயர்த்தி வைக்கிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதே குளிரெடுத்து நடுங்குகிறோம். பாராசிட்டமால் அந்த இலக்கை இறக்கும். வெப்பத்தாக்கில் இலக்கு மாறுவதில்லை, சூடு வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. அங்கே அந்த மாத்திரையால் பயனில்லை. வெயிலிலோ கடும் உழைப்பிலோ ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வருவதற்குள் குளிர்ந்த நீரில் நனைத்து, வேகமாக விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.