எண்ணெய்க் கிணற்றுக் குழாயின் துருவைப் படிக்கும் முறை

எண்ணெய்க் கிணற்றிலிருந்து உருவி எடுத்த எஃகுக் குழாய், அதாவது டியூபிங், மணலியிலோ எண்ணூரிலோ உள்ள பட்டறைக்கு வந்தால், கம்பி பிரஷ்ஷையும் ஆசிட்டையும் தொடுவதற்கு முன் அதன் உட்புறத்தைப் பாருங்கள். கிணற்றின் ஆழத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாததால் அங்கே உண்டாகும் படிவு கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். செந்துரு பெரும்பாலும் மேலே வந்தபின் நம் பகுதியின் உப்புக் காற்று பட்டுப் பிடித்தது. திறந்தவெளியில் கிடக்கக் கிடக்கக் கறுப்பும் சிவந்துபோய், அரித்தது எது என்பதற்கான சாட்சி அழிந்துவிடும். ஆகவே லாரியிலிருந்து இறக்கிய அன்றே உட்படிவைச் சிறிது சுரண்டி, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, அது எந்த ஆழத்துக் குழாய் என்று எழுதி வையுங்கள்.

அந்தப் படிவில் அரிசியளவு எடுத்து, திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கம் வீசுமாறு நின்று, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். எழும் வாயுவில் ஈய அசிடேட் தாள் கறுத்தால் அது இரும்புச் சல்பைடு; அரித்தது ஹைட்ரஜன் சல்பைடு. முகர்ந்து பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம்: அந்த வாயு நச்சு, செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். தாள் கறுக்காமல் நுரைத்தால் இரும்புக் கார்பனேட்டாக இருக்கலாம். அதாவது கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாகி அரித்திருக்கிறது. சுண்ணாம்புப் படிவும் இப்படியே நுரைக்கும் என்பதால், அடியில் உலோகம் குழிந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

இனிச் சுத்தம் செய்து அளக்கலாம். பரவலாகப் பயன்படும் 2⅞ அங்குலக் குழாயின் சுவர் புதிதில் 5.51 மி.மீ.; சராசரித் தடிமன் 5 மி.மீ. இருந்தாலும் ஒரு குழி 4 மி.மீ. இறங்கியிருந்தால் அந்தக் குழியே கணக்கு.

மாற்றுக் குழாயைத் தேர்வதற்கு வாயுவின் பகுதியழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு, தேவை. 200 பார் அழுத்தத்தில் 2 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் அது 4 பார்; நடைமுறை விதிப்படி 2 பாரைத் தாண்டினாலே அரிப்பை எதிர்பார்க்க வேண்டும், 13 சதவீதக் குரோமிய எஃகைப் பரிசீலிக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடோ 0.003 பார் எட்டினாலே ஆபத்து: கடினமான எஃகு தேயாமலே விரிசல் விட்டு முறியும். அதனால்தான் சாதாரண எஃகுக்கு ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 22 என்ற வரம்பு பொதுவாக வைக்கப்படுகிறது. இவ்விரிசல் அறை வெப்பநிலையை ஒட்டியே மிகக் கடுமையாக இருப்பதால், கிணற்றின் மேல்பகுதியிலிருந்து வந்த குழாய்களை, உட்புறம் பளிச்சென்று இருந்தாலும், குழாய்களை இணைக்கும் கப்ளிங்கின் மரைகளிலிருந்து தொடங்கிச் சோதியுங்கள்.