27 அங்குலத் திரையும் எறும்பு எழுத்தும்

27 அங்குல 4கே கணினித் திரையை வாங்கிய அன்றே வருத்தம் வந்துவிட்டது. அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. ‘ண’வா ‘ன’வா என்று திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

முதலில் திரையின் துல்லியத்தை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை (ரெசல்யூஷன்), குறைத்தேன். அது தவறு, எழுத்துகள் மங்கிக் குழைந்தன. துல்லியத்தைப் பழையபடி வைத்துவிட்டு, விண்டோஸ் காட்சி அமைப்பில் எழுத்து முதலியவற்றின் அளவை (ஸ்கேல்) 150 சதவீதமாக்கினேன். அச்சிட்டதுபோல் என்ன கூர்மை!

ஆனால் வரிகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடின. அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிட்டது. விண்டோஸ் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தி, உலாவியைப் பாதித் திரைக்கு ஒதுக்கினேன். இன்னும் பொடியாகத் தெரியும் தளங்களுக்கு மட்டும் கன்ட்ரோல் விசையும் கூட்டல் குறியும். இப்போது இரவில் இரண்டு மணி நேரம் படித்தாலும் கண் எரிவதில்லை.