மது தொடாத மாதத்தில் பப்புக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் புத்தாண்டு முடிந்த கையோடு அலுவலகத்தில் காதில் விழும் சொல் 'டிரை ஜனவரி'. ஜனவரி முழுக்க மதுவைத் தொடுவதில்லை என்ற இந்த ஏற்பாட்டை 2013-இல் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கியது. ஆல்கஹால் சேஞ்ச் யுகே என்ற பெயரில் இன்றும் நடத்துகிறது. லண்டனில் நானும் இரண்டு ஜனவரிகள் இப்படி மது தொடாமல் இருந்து பார்த்தேன்.

முதல் ஆண்டு பப் இருக்கிற தெருப்பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நான் மட்டும் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். மூன்றாவது வாரம், ஆளில்லாத வீட்டில் நின்றபடியே ஒரு பியரைத் திறந்துவிட்டேன். மதுவோடு சேர்த்து நண்பர்களையும் நிறுத்தியிருந்தது அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஆண்டு பப்புக்குப் போய்க்கொண்டே மாதத்தை முடித்தேன்.

மேலே போவதற்கு முன் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர்கள், குடிக்காவிட்டால் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் போக வேண்டியது டாக்டரிடம். இங்கே எழுதுவது மற்றவர்களுக்கு.

கவுண்டருக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தவறு. பப்பில் பெரும்பாலும் நாம்தான் கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். கண்ணுக்கு நேரே பளபளவென்று பியர் பம்புகள். ஆல்கஹால் இல்லாத பாட்டில்கள் இருப்பதோ கவுண்டருக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக் கண்ணாடி ஃபிரிட்ஜில். முதுகுக்குப் பின்னால் கூட்டம் நெருக்கும். பரிமாறுகிறவர் நம்மைப் பார்த்துத் தலையசைத்தால், பழகிய வாய் தானாகவே 'ஒரு பைன்ட்' (ஒரு பெரிய கிளாஸ் பியர்) என்று சொல்லிவிடும். எனக்கு நடந்திருக்கிறது. ரயிலில் வரும்போதே அந்த பப்பின் மெனுவை ஃபோனில் பார்த்து, குடிக்கப்போவது என்ன, அது இல்லாவிட்டால் வேறென்ன என்று இரண்டு பெயர்களை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து ரவுண்டு. நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். நாலு பேர் போனால் ஒருவர் நாலு பேருக்கும் வாங்கி வருவார், அது முடிந்ததும் இன்னொருவர். மது வேண்டாம் என்பதற்காக ஒன்றும் சொல்லாமல் ரவுண்டிலிருந்து கழன்றுகொண்டால் கஞ்சன் என்று பெயர் வரும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே இருந்தால், பழக்கதோஷத்தில் யாராவது நமக்கும் ஒரு பைன்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். நுரை வழிகிற 568 மில்லி எதிரே இருக்கும்போது, ஆசையாக வாங்கி வந்தவர் முகத்தைப் பார்த்து மறுப்பது கஷ்டம். அந்தத் தர்மசங்கடத்தில் விரதம் முறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் கண்ட வழி, முதல் ரவுண்டை நானே வாங்கிவிடுவது. எல்லோருக்கும் வேண்டியதை வாங்கி, எனக்கு லைம் அண்ட் சோடாவோ, ஆல்கஹால் இல்லாத பியரான கின்னஸ் 0.0-ஓ எடுத்துக்கொள்வேன். என் கிளாஸில் என்ன இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்துவிடும். அடுத்து எழுந்திருப்பவர் 'சேம் அகெய்ன்?' என்று கேட்டாலும் எனக்கு வருவது அதேதான். கை காலியாக உட்காராதீர்கள். காலிக் கையைப் பார்த்தால்தான் உபசரிக்க வருவார்கள்.

காரணத்தை நீட்டி முழக்குவதும் வேண்டாம். "என்னடா மச்சான், டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?" என்று ஒரு நண்பன் கேட்டான். முதலில் தூக்கம், தொப்பை, கல்லீரல் என்று விளக்கப் போய், ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் வைத்திருந்தான். அடுத்த வாரம், "இல்லடா, இந்த மாசம் வேண்டாம்னு இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது.

லேபிளைப் படிக்காமல் வாங்குவது இன்னொரு தவறு. 2018-இல் வந்த அரசு வழிகாட்டுதல்படி, 'ஆல்கஹால் ஃப்ரீ' என்றால் 0.05 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் அதே பெயரில் 0.5 சதவீத பியர்களும் கடையில் உண்டு. பெரும்பாலானோருக்கு அது பொருட்டல்ல. குடியை நிறுத்த டாக்டர் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் 0.0 என்று பார்த்தே வாங்க வேண்டும். ஜிஞ்சர் பியர் என்றால் குழந்தைகள் குடிப்பது என்று நம்பிவிடாதீர்கள். கிராபீஸ் என்ற பெயரில் ஆல்கஹாலோடே ஒன்று வருகிறது. பியர் ருசியே பழைய ஆசையைக் கிளப்புகிறது என்றால் 0.0-வையும் விட்டுவிட்டு எலுமிச்சைத் துண்டு போட்ட டானிக்குக்கு மாறிவிடுங்கள்.

பசியோடு போகாதீர்கள். காலி வயிற்றுக்கு ஆசை அதிகம், உப்பு வறுவலைக் கொறித்தால் தாகம் வேறு. நான் ஐந்து மணிக்கே ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுவிடுவேன்.

உணவகத்தில் வேறு சிக்கல். உட்காரும்போதே மேசையில் ஒயின் கிளாஸ் இருக்கும். அது இருக்கிறவரை யாராவது ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். உட்கார்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீர் கேளுங்கள். மது விற்க உரிமம் பெற்ற இடங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விதி. ஒரு சொட்டும் கூடாது என்று இருப்பவர்கள், மது சேர்த்துச் செய்கிற ஷெர்ரி டிரைஃபில், டிராமிசு, ஸ்டேக் அண்ட் ஏல் பை, ஒயினில் வேகவைத்த மட்டி ஆகியவற்றைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது தப்பு நம்பிக்கை, கொஞ்சம் மிஞ்சும்.

பப் மூடப்போகிறது என்று கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது ரவுண்டில் ஒரே கதை இரண்டாம் முறை வரும். சிரித்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொள்வேன். ஒன்பதரைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்கும், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைவலி இல்லாமல் காபி போடலாம்.

பிப்ரவரி 1 அன்று பழைய அளவிலேயே திரும்பத் தொடங்குகிறவர்களும் உண்டு. ஒரு மாத இடைவெளியில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், முன்பு மூன்று பைன்டில் ஏறியது இப்போது இரண்டிலேயே ஏறும். அன்றைக்கும் முதல் ரவுண்டில் எனக்கு லைம் அண்ட் சோடாதான்.