கடல் நெகிழியை அள்ள ரோபோக் கூட்டத்தை இறக்குவது எப்படி?

எத்தனை ரோபோக்கள் வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கு முன், அவற்றை எங்கே இறக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையிலுள்ள பெரும் பசிபிக் குப்பைத் திட்டின் பரப்பு சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அங்குள்ள நெகிழியின் எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். அத்தகைய வலை உந்துவிசிறியில் சுற்றிக்கொண்டால், அள்ளப் போன ரோபோவும் குப்பையோடு குப்பையாக மிதக்க வேண்டியதுதான். ஆகவே சிறு ரோபோக்களுக்கு ஏற்ற இடம் நடுக்கடல் அல்ல. குப்பை அடர்த்தியாக வந்து சேரும் துறைமுகமும் ஆற்று முகத்துவாரமும்தான்.

வேலையை மூன்றாகப் பிரியுங்கள்: தேடுவது, அள்ளுவது, சுமப்பது. தேடும் வேலையைப் பறக்கும் ட்ரோன்களிடம் விடலாம். காற்றின் திசையை ஒட்டி நீர்ப்பரப்பில் நீளும் நுரைக் கோடுகளை அவை முதலில் பார்க்கட்டும். நீரின் சுழற்சி மிதக்கும் பொருள்களை அந்தக் கோடுகளில்தான் கொண்டுவந்து ஒதுக்குகிறது. அள்ளும் ரோபோக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுவே வளைந்து தொங்கும் வலையை மெதுவாக இழுத்துச் செல்ல வேண்டும். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகிய நெகிழி வகைகள் மிதப்பதால் இந்த வலையில் அகப்படும். காற்று வெளியேறிய பெட் பாட்டில் அடியில் போய்விடும். அதற்கு நீருக்கடியில் இயங்கும் வேறொரு குழு தேவை.

எல்லா ரோபோக்களையும் ஒரே கணினி ஆட்டிவைக்கும்படி அமைக்காதீர்கள். ரேடியோ அலை கடல்நீருக்குள் சிறிது தொலைவிலேயே அடங்கிவிடும். விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும் ஒலியைக் கொண்டு குறைந்த அளவு தகவலையே அனுப்ப முடியும். ஆகவே ஒவ்வொரு ரோபோவும் அருகிலுள்ளவற்றைப் பார்த்துத் தானே முடிவெடுக்கட்டும். கணினி வரைகலை நிபுணர் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-இல் பறவைக் கூட்டத்தைக் கணினியில் பறக்கவிட்டபோது, நெருங்கி மோதாதே, பக்கத்தவரின் திசையில் செல், கூட்டத்தை விட்டு விலகாதே என்ற மூன்று விதிகளே போதுமானவையாக இருந்தன. இவற்றோடு, பகிரப்படும் ஒவ்வொரு தகவலுக்கும் காலாவதி நேரம் குறிக்கும் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 0.25 மீட்டர் நகரும் குப்பை ஒரு மணி நேரத்தில் 900 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பழைய தகவலை நம்பிப் போகும் ரோபோ வெறும் நீரைத்தான் வலைபோட்டு இழுக்கும்.

என் கணிப்பில், பெரும்பாலான திட்டங்கள் தடுமாறக்கூடிய இடம் அள்ளுவதில் இல்லை, இறக்கிவைப்பதில் இருக்கிறது. 20 நிமிடம் அள்ளிய ரோபோ, குப்பையைச் சேர்த்துவைக்கும் தாய்ப்படகில் இறக்கித் திரும்ப 40 நிமிடம் எடுத்துக்கொண்டால், அதன் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பயணத்திலேயே கழிகிறது. இந்த நிலையில் ரோபோக்களைக் கூட்டினால் தாய்ப்படகின் முன் வரிசைதான் நீளும். தாய்ப்படகைக் குப்பைக்கு அருகே நகர்த்துங்கள். சுமப்பதற்கென்றே சில ரோபோக்களை ஒதுக்குங்கள்.

நுண்நெகிழியை இந்த முறையில் பிடிக்க முயல வேண்டாம். அதைப் பிடிக்கும் அளவுக்கு வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் மிதவை உயிரிகளும் சேர்ந்தே அள்ளப்படும். வலைக்குள் உயிரினம் தென்பட்டால் இழுவை உடனே நிற்கும்படி கேமராவை இணைத்துவையுங்கள்.

கூட்டத்தை வெளியே அனுப்புமுன், துறைமுகத்துக்குள் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு ரோபோவை வேண்டுமென்றே அணைத்துப் பாருங்கள். மற்றவை அதன் இடத்தைத் தாமாக நிரப்பாவிட்டால், விதிகளைத் திருத்திவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.