என்பிஏ டிராஃப்ட்டில் யாரை யார் எடுப்பார்கள்? கணிப்புப் பட்டியல் போடக் கற்றுக்கொள்ளலாம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசியில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் நடக்கும். எந்த இடத்தில் எந்த அணி யாரை எடுக்கும் என்று அதற்கு முன்பே பட்டியல் போட்டு மோதிக்கொள்வது ரசிகர்களுக்கு ஒரு தனி விளையாட்டு. அந்தப் பட்டியலை மாக் டிராஃப்ட் என்பார்கள். கல்லூரி ஆட்டங்களையெல்லாம் விடாமல் பார்த்தவர்களால்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். ஒரு எக்செல் தாளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு முதலில் ஒன்று புரிய வேண்டும். ஏலத்தில் பணம் இருக்கும் அணி எந்த வீரருக்கும் கை தூக்கலாம். டிராஃப்ட்டில் எல்லாம் வரிசைதான். உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவரை எடுக்கலாம், அவ்வளவே. முதல் சுற்றில் போகிறவரின் சம்பளம்கூட அவர் எத்தனையாவது இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதை ஒட்டி ஒரு அட்டவணைப்படி அமையும். 30 அணிகள், 2 சுற்றுகள், மொத்தம் 60 இடங்கள். விதிமீறலுக்காக ஒரு இடம் பறிக்கப்பட்டதால் 2025இல் 59.

அந்த 2025 டிராஃப்ட்டை வைத்தே விளக்குகிறேன். விடை தெரிந்த கணக்கைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். முதல் 14 இடங்களோடு நிறுத்திக்கொள்வோம், கூடவே பின்னால் போன ஓரிருவரைத் தொட்டுக்கொள்வோம். இரண்டாம் சுற்றைக் கணிப்பது தொடக்கத்தில் வீண் வேலை.

படி 1: வரிசையை எழுதுங்கள், யாருடைய இடம் என்று பாருங்கள்

பிளேஆஃப்புக்குப் போகாத 14 அணிகளின் இடங்களும் லாட்டரி என்ற குலுக்கலுக்கு வரும். 1 முதல் 14 வரை எண் போட்ட பந்துகளில் நான்கை எடுப்பார்கள். அப்படி எடுக்க 1001 விதங்கள் உண்டு. அவற்றில் 1000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 2019 முதல் 2025 வரை இருந்த முறையில், மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்தான். மீதி இடங்கள் தோல்விக் கணக்குப்படி போகும்.

2025இல் யூட்டா 17 வெற்றி, 65 தோல்வி என்று எல்லோருக்கும் கீழே கிடந்தது. கிடைத்ததோ 5ஆம் இடம். கடைசி அணி அதற்குக் கீழே சறுக்க முடியாது என்பது மட்டுமே ஆறுதல். 39 ஆட்டங்களில் ஜெயித்திருந்த டல்லாஸ், வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடத்தைத் தட்டிச் சென்றது. சான் அன்டோனியோ 8இலிருந்து 2க்குத் தாவியது. ஆகவே மே மாத நடுவில் லாட்டரி முடியும் வரை பேனாவைத் தொடாதீர்கள். அதற்கு முன்னால் போடும் பட்டியல் ஜோசியம்தான்.

வரிசை கிடைத்ததும் அடுத்த வேலை, ஒவ்வொரு இடமும் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது. அணிகள் எதிர்கால இடங்களை வீரர்களுக்காகக் கைமாற்றும். சில சமயம் ஒரு நிபந்தனையோடு கொடுக்கும். ஃபிலடெல்ஃபியா தன் 2025 முதல் சுற்று இடத்தை ஓக்லஹோமா சிட்டிக்குத் தர வேண்டியிருந்தது, ஆனால் அது முதல் ஆறுக்குள் விழுந்தால் தர வேண்டியதில்லை. 3ஆம் இடம் விழுந்தது, கையிலேயே தங்கிவிட்டது.

10ஆம் இடத்தின் பயணம் இன்னும் வேடிக்கை. அது முதலில் ஃபீனிக்ஸ் அணியுடையது. கெவின் டுரான்ட்டை வாங்க 2023இல் அதை புரூக்ளினுக்குக் கொடுத்தார்கள். புரூக்ளின் 2024இல் ஹூஸ்டனிடம் மாற்றியது. அதே டுரான்ட்டை 2025 ஜூனில் ஹூஸ்டனுக்கு விற்றபோது ஃபீனிக்ஸ் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது! அந்தக் கைமாற்றம் (டிரேட்) முறைப்படி முடிய ஜூலை ஆகும் என்பதால், டிராஃப்ட் மேடையில் அந்த இடத்துக்கு ஹூஸ்டன் பெயரைத்தான் வாசித்தார்கள். பெயரை மட்டும் பார்த்து ஹூஸ்டனின் தேவையை ஆராய்ந்திருந்தால் உழைப்பு முழுக்கப் பாழ். டேங்கத்தான் தளத்தில் இந்தக் கைமாற்றங்கள் வரிசையோடு சேர்ந்தே இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வீரர்களை அடுக்குகளாகப் பிரியுங்கள்

1, 2, 3 என்று தரவரிசை போடத்தான் கை துறுதுறுக்கும். அதைவிட அடுக்குகளாகப் பிரிப்பது மேல். ஒரே அடுக்கில் இருப்பவர்கள் ஏறக்குறைய சமமான மதிப்புள்ளவர்கள். அடுக்கு மாறினால் தரம் மாறுகிறது.

ஐந்தாறு நல்ல தளங்களின் வீரர் தரவரிசைகளை எடுத்துச் சராசரி போடுங்கள். எந்த இடத்தில் எண்கள் சட்டென்று விலகுகின்றனவோ அங்கே ஒரு கோடு கிழியுங்கள். 2025இல் டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃப்ளாக் தனி அடுக்கு. கல்லூரியில் சராசரி 19.2 புள்ளி, 7.5 ரீபவுண்டு (கூடையில் விழாத பந்தைக் கைப்பற்றுவது), 4.2 அசிஸ்ட் (கூடை போட உதவும் பாஸ்). டிராஃப்ட் அன்று அவருக்கு 18 வயதுதான். (வயதைப் பொறுத்தவரை, அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் 19 நிறைந்தால் போதும் என்பது விதி.) அடுத்த அடுக்கில் ரட்கர்ஸின் டிலன் ஹார்ப்பர், அவரும் தனியாகத்தான். மூன்றாம் அடுக்கில் வி.ஜே. எட்ஜ்கம், ஏஸ் பெய்லி, டிரே ஜான்சன், கான் கனிப்பல் என நால்வரை வைப்பேன். அதன் கீழே கூட்டம்.

சிகாகோவில் மே மாதம் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில் எடுக்கும் அளவுகளையும் தாளில் ஒரு பத்தியில் குறித்துவையுங்கள். ஷூ இல்லாமல் உயரம், கை விரித்த அகலம், குதிக்கும் உயரம். கூடைக்கு அருகில் ஆடும் உயரமான சென்டர்களுக்குக் கை அகலம்தான் முக்கியம். கமான் மலுவாச்சின் கைகளை விரித்தால் 7 அடி 6 அங்குலத்துக்கு மேல்! வயதையும் விட்டுவிடாதீர்கள். ஒரே எண்களை 18 வயதுக்காரரும் 22 வயதுக்காரரும் எடுத்திருந்தால், அணிகள் சின்னவரைத்தான் உயர்வாக நினைக்கும்.

படி 3: அணிக்கு என்ன தேவை?

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாள் போடுங்கள். வீரர் பெயர், ஆடும் நிலை, வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு என்று நான்கு பத்திகள். வழக்கமான ஒப்பந்தத்தில் ஓர் அணி 15 பேர் வரை வைத்திருக்கலாம், அதற்கு மேல் இருவழி ஒப்பந்தத்தில் (என்பிஏவுக்கும் கீழ்நிலை லீக்குக்கும் மாறி ஆடுபவர்கள்) 3 பேர். ஸ்போட்ராக் தளத்தில் ஒப்பந்த விவரம் கிடைக்கும், பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஆட்டக் கணக்கு கிடைக்கும்.

தாளைப் பார்த்ததும் "இந்த அணிக்கு நல்ல சென்டர் இல்லை" என்று எழுதத் தோன்றும். உடனே இன்னொரு கேள்வி கேளுங்கள்: எப்போது இல்லை? 19 வயதுப் பையன் என்பிஏ உடம்புகளோடு மோதித் தேற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். இந்த அக்டோபரில் தெரியும் ஓட்டையை அடைக்க அணிகள் பெரும்பாலும் டிரேட்டைத்தான் நம்பும். டிராஃப்ட் மூன்று ஆண்டுகள் கழித்து யார் மிச்சம் இருப்பார்கள் என்பதற்கான விடை. அதனால்தான் ஒப்பந்தம் முடியும் ஆண்டைப் பத்தியாகப் போடச் சொன்னேன்.

ஃபீனிக்ஸ் இரண்டையும் ஒரே இரவில் செய்து காட்டியது. 10ஆம் இடத்தில் மலுவாச்சை எடுத்தது, அதோடு மார்க் வில்லியம்ஸ் என்ற ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் சென்டரையும் ஷார்லெட்டிடமிருந்து வாங்கியது. ஒருவர் இன்றைக்கு, ஒருவர் நாளைக்கு.

போர்ட்லாண்ட் பக்கம் பாருங்கள். டானவன் கிளிங்கன், டியாண்ட்ரே ஏய்ட்டன் என்று சென்டர்கள் இருந்தும், 16ஆம் இடத்தில் சீனாவின் யாங் ஹான்சனை எடுத்தார்கள். பல பட்டியல்களில் அவர் இரண்டாம் சுற்று வீரர். எல்லோரும் விழித்தார்கள். சில நாட்களிலேயே ஏய்ட்டனின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்து அனுப்பிவிட்டார்கள். தாளில் இருக்கும் பெயரெல்லாம் நாளைக்கும் இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

டிராஃப்ட்டுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நடக்கும் டிரேட்கள் மிகப் பெரிய துப்பு. மெம்ஃபிஸ் ஜூன் நடுவில் டெஸ்மண்ட் பேனை ஆர்லாண்டோவுக்கு அனுப்பியது. பந்தைக் கூடைக்குள் நன்றாக எறியும் ஒரு விங் (பக்கவாட்டில் ஆடுபவர்) இடம் காலி. டிராஃப்ட்டில் போர்ட்லாண்டோடு பேசி 16இலிருந்து 11க்கு ஏறி, செட்ரிக் கவர்ட் என்ற எறிவாளரைப் பிடித்தது. நியூ ஆர்லியன்ஸில் டிஜோன்டே மரேக்குக் குதிகால் தசைநார் அறுந்திருந்தது. டிராஃப்ட்டுக்கு முதல் நாள் சி.ஜே. மெக்கலமையும் வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். 7ஆம் இடத்தில், பந்தைக் கையாண்டு ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்ட் ஜெரமையா ஃபியர்ஸ் வந்ததில் ஆச்சரியம் என்ன?

அடியோடு புதிதாகக் கட்டப்படும் அணிக்கு இந்தத் தாள் உதவாது. புரூக்ளின் முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேரை எடுத்தது. வீடே காலியாக இருக்கும்போது எந்த அறைக்கு நாற்காலி என்று யோசிப்பானேன்? அப்படிப்பட்ட அணிக்குத் தேவை என்ற பத்தியில் கோடு போட்டுவிட்டு, அடுக்கை மட்டும் பாருங்கள்.

படி 4: அடுக்கு முதலில், தேவை பிறகு

இரண்டையும் சேர்க்கும் விதி ஒன்றே ஒன்று. மேல் அடுக்கில் ஆள் மிச்சம் இருக்கும்வரை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே அடுக்கில் பலர் இருந்தால் மட்டும் அணியின் தேவை தீர்ப்பு சொல்லும்.

சான் அன்டோனியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் ஸ்டெஃபன் காசில் அவர்களுடைய கார்ட். பிப்ரவரியில் டியாரன் ஃபாக்ஸ் என்ற இன்னொரு கார்டையும் வாங்கியிருந்தார்கள். இருந்தும் 2ஆம் இடத்தில் ஹார்ப்பர், அவரும் கார்ட்! தேவையைப் பார்த்து வேறு யாரையாவது எழுதியவர்கள் அங்கே கோட்டை விட்டார்கள்.

எதிர்ப்பக்கக் கதை 1984. போர்ட்லாண்டிடம் 2ஆம் இடம். கிளைட் டிரெக்ஸ்லர் முந்தைய ஆண்டே வந்துவிட்டதால், அதே நிலையில் இன்னொருவர் எதற்கு என்று சென்டர் சாம் போவியை எடுத்தார்கள். 3ஆம் இடத்தில் சிகாகோ மைக்கேல் ஜோர்டனை எடுத்தது. போர்ட்லாண்டை இன்றுவரை கேலி செய்கிறார்கள். என்னைக் கேட்டால் அன்றைய அணிகள் உயரத்துக்குக் கொடுத்த விலையை மறந்துவிட்டுச் சிரிக்கிறோம். முதலிடத்தில் போனவரே ஹக்கீம் ஒலாஜுவான் என்ற சென்டர்தானே.

2023இல் ஷார்லெட்டுக்கு வந்தது நியாயமான குழப்பம். பிராண்டன் மில்லர், ஸ்கூட் ஹெண்டர்சன் இருவரும் ஏறக்குறைய ஒரே அடுக்கு. பந்தைக் கையாள லமெலோ பால் இருந்ததால் ஃபார்வர்டான மில்லர் போனார். தேவை தீர்ப்பு சொல்வது இப்படித்தான்.

கீழே போகப் போக அடுக்குகள் அகலமாகும், தேவையின் குரல் உரக்கக் கேட்கும். 2024இல் மெம்ஃபிஸ் 9ஆம் இடத்தில் 7 அடி 4 அங்குல ஸாக் எடியை எடுத்ததை இப்படிப் படிக்கலாம். ஸ்டீவன் ஆடம்ஸை பிப்ரவரியில் விற்றிருந்தார்கள், ஜா மொரான்ட்டோடு உடனே ஜெயிக்க வேண்டிய அணி. நான்கு ஆண்டுகள் கல்லூரி ஆடித் தேர்ந்த ஒருவர் அவர்களுக்குத்தான் பொருந்துவார்.

படி 5: ஜூன் மாதச் செய்திகளை வடிகட்டுங்கள்

அணிகள் வீரர்களைத் தனியே அழைத்து ஆடவிட்டுப் பார்க்கும். யார் எங்கே போனார் என்ற செய்தியைவிட, யார் எங்கே போக மறுத்தார் என்பதில் விஷயம் அதிகம். ஏஸ் பெய்லி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போவதை ரத்து செய்தார். 3ஆம் இடத்தில் இருந்த அந்த அணி எட்ஜ்கமை எடுத்தது, பெய்லி 5ஆம் இடத்தில் யூட்டாவுக்குப் போனார். "இந்த அணிக்கு இவர்மேல் ஒரு கண்" என்று வரும் செய்தியைப் படிக்கும்போது, அது வெளிவந்ததால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். பெரும்பாலும் வீரரின் ஏஜென்ட்டுக்கு.

படி 6: நிரப்புங்கள்

மேலிருந்து கீழே வாருங்கள். ஒரு பெயர் எழுதியதும் அடுக்கிலிருந்து அவரை அடித்துவிடுங்கள். பக்கத்தில் இரண்டாவது பெயர் ஒன்றும் எழுதிவையுங்கள். ஓர் இடம் பிசகினால் கீழே எல்லாம் சரியும்போது எங்கே பிசகியது என்று அதுதான் காட்டும். டிராஃப்ட் அன்று நடக்கும் டிரேட்களைக் கணிக்க முயல வேண்டாம். 13ஆம் இடத்தில் டெரிக் குவீனைப் பிடிக்க நியூ ஆர்லியன்ஸ் 23ஆம் இடத்தோடு 2026இன் முதல் சுற்று இடத்தையும் நிபந்தனையே இல்லாமல் அட்லாண்டாவுக்குத் தூக்கிக் கொடுத்தது. அதையெல்லாம் யார் யோசிப்பார்!

முக்கியமாக, நீங்கள் அந்த அணியின் மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதாதீர்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள்.

படி 7: மதிப்பெண் போடுங்கள்

இந்தியாவில் டிராஃப்ட் விடியற்காலை 5.30க்குத் தொடங்கும். காபியோடு உட்கார்ந்து திருத்தலாம். இடம், அணி, வீரர் மூன்றும் சரி என்றால் 3 மதிப்பெண். வீரர் நீங்கள் சொன்ன இடத்துக்கு முன்பின் இரண்டுக்குள் போயிருந்தால் 1. ஃப்ளாக் மாதிரி ஊருக்கே தெரிந்த முதலிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு இன்னொரு பட்டியலையும் திருத்துங்கள். படி 2இல் எடுத்த சராசரித் தரவரிசையை அப்படியே 1 முதல் 14 வரை இறக்கியது, அணித் தேவை எதுவும் கலக்காதது. உங்கள் பட்டியல் அதைவிடக் குறைவாக வாங்கியிருந்தால், படி 3இல் நீங்கள் எழுதிய தேவைகள்தான் காலை வாரிவிட்டிருக்கின்றன. எந்த அணியில் என்று தேடுங்கள், அநேகமாக ஒப்பந்த ஆண்டைப் பார்க்காமல் விட்ட அணியாக இருக்கும்.

அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024 டிராஃப்ட்டை எடுத்துப் பழகுங்கள். அணிப் பக்கத்தைத் திறக்கும்போது 2023-24 பருவத்தைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம், இன்றைய பட்டியலைத் திறந்தால் விடை கண்ணில் பட்டுவிடும். எடியின் பெயரை மேலே நானே சொல்லிவிட்டேன், அந்த 9ஆம் இடத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.