பி.சி.பி. அசெம்பிளிக்குக் கொடுக்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

பாகங்கள் பொருத்தாத வெற்று மின்சுற்றுப் பலகைகள் (பி.சி.பி.) கைக்கு வந்ததும், பாகங்களைப் பொருத்தித் தரும் நிறுவனத்திடம் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது விலையைத்தான். அதில் தவறில்லை, ஆனால் நாம் அனுப்பும் கோப்புகள் தெளிவாக இல்லாதவரை அவர்கள் சொல்லும் விலை உத்தேசமாகவே இருக்கும்.

பலகையின் ஒவ்வோர் அடுக்கின் வடிவத்தையும் சொல்லும் கெர்பர் கோப்புகள், பாகப் பட்டியலான பி.ஓ.எம்., ஒவ்வொரு பாகமும் அமரும் இடத்தையும் கோணத்தையும் குறிக்கும் பிக் அண்ட் பிளேஸ் கோப்பு, அசெம்பிளி வரைபடம் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். கெர்பரையும் பிக் அண்ட் பிளேஸையும் கீகேட் போன்ற பலகை வடிவமைப்பு மென்பொருளே எடுத்துத் தந்துவிடும். சிக்கல் பெரும்பாலும் பி.ஓ.எம்.மில்தான் முளைக்கிறது. "100 நானோஃபாரட், 0603" என்று கெபாசிட்டரின் மதிப்பையும் அளவுக் குறியீட்டையும் மட்டும் எழுதினால், கொள்முதல் செய்பவர் மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிடுவார். அது ஒய்5வி வகையாக இருந்தால், வெப்பநிலை மாறும்போது கெபாசிட்டரின் கொள்ளளவு பெருமளவு குறையும். ஆகவே 50 வோல்ட், எக்ஸ்7ஆர் (வெப்பநிலை மாறினாலும் கொள்ளளவு அதிகம் மாறாத வகை) என்ற விவரங்களோடு தயாரிப்பாளரின் பெயரையும் அவர் தரும் பாக எண்ணையும் சேர்த்து எழுதி, அது கிடைக்காவிட்டால் எதை ஏற்பீர்கள் என்பதற்கும் பட்டியலில் ஒரு நெடுவரிசையை ஒதுக்குங்கள். பொருத்தக் கூடாத பாகங்களை வெறுமனே நீக்கிவிடாமல், "பொருத்த வேண்டாம்" என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

அடுத்து கவனிக்க வேண்டியது திசை. எல்.இ.டி.யின் அடியில் உள்ள முக்கோணமோ பச்சைக் கோடோ எந்த முனையைக் காட்டுகிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறக்கூடியது. எனவே வரைபடத்தில் கேத்தோடு (எதிர்முனை) எது என்பதை எழுத்திலேயே காட்டிவிடுவது நல்லது. ஐ.சி.க்களின் 1ஆம் பின்னைக் காட்டும் புள்ளி, பாகம் அமர்ந்த பிறகும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

பாகங்களை நீங்களே வாங்கிக் கொடுப்பதானால், ரீலாகவோ தொடர்ச்சியான டேப்பாகவோ கொடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கி உறையில் போட்ட ரெசிஸ்டர்களை இயந்திரத்துக்குப் பாகங்களை ஊட்டும் ஃபீடரில் ஏற்ற முடியாது. 0402 போன்ற சிறிய பாகங்கள் ஓட்டத்தில் கொஞ்சம் வீணாகும் என்பதால், தேவைக்கு மேல் கூடுதலாக அனுப்ப வேண்டும். ஈரம் உறிஞ்சும் ஐ.சி.க்களின் உறையைப் பார்ப்பதற்காகக்கூடப் பிரிக்காதீர்கள்; எம்.எஸ்.எல். (ஈர உணர்திறன் நிலை) 3 வகைக்கு, 30 டிகிரி செல்சியஸுக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மிகாத இடத்தில், பிரித்த பின் பலகையில் பொருத்தி முடிக்க 168 மணி நேரம்தான் அவகாசம். நம் கடலோர ஊர்களின் காற்றில் அந்த அவகாசமும் சுருங்கிவிடும்.

எந்தச் சால்டர் (பற்றாசு) என்பதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள். 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகும், ஈயமற்ற எஸ்.ஏ.சி.305 உருகத் தொடங்குவது சுமார் 217 டிகிரியில் என்பதால், பிளாஸ்டிக் கனெக்டர்கள் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விற்கும் பொருளென்றால், 2006 ஜூலை முதல் நடப்பில் உள்ள அபாயகரமான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஸ் விதிகளின்படி, விலக்குப் பெற்ற சில வகைகளைத் தவிர, ஈயமற்றதே வழி.

தரத்துக்கு ஐ.பி.சி.-ஏ-610 என்ற அளவுகோலில் எந்த வகுப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். சாதாரணத் தொழிற்கருவிகளுக்கு 2ஆம் வகுப்பு போதும், 3 கேட்டால் செலவு ஏறும். பி.ஜி.ஏ. வகை ஐ.சி. இருந்தால் அதன் இணைப்புகள் அடியில் மறைந்திருப்பதால் எக்ஸ்ரே பரிசோதனையையும் கேளுங்கள். மொத்தத்தையும் ஓட்டவிடும் முன் முதல் பலகையை வரவழைத்து, திசைகளை வரைபடத்தோடு ஒப்பிட்டு, மின்னோட்ட வரம்பு வைத்த பவர் சப்ளையில் இயக்கிப் பார்த்த பிறகே மீதிக்கு எழுத்து மூலம் ஒப்புதல் கொடுங்கள்.