கடலோர மணல்மேட்டுப் பாக்டீரியா ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணல்மேடுகளின் மண் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு முடிவு அடிக்கடி கண்ணில் படுகிறது: கடலை விட்டு விலக விலக பாக்டீரியாக் கூட்டம் மாறுகிறது. ஆய்வாளர்கள் கண்டது உண்மைதான். ஆனால் தூரத்தையே காரணமாக எழுதிவிடுவது இந்தத் துறையின் மிகப் பெரிய தவறு.

அலையோரத்திலிருந்து உள்ளே நடந்தால் உப்புச்சாரல் குறைகிறது. காற்றில் மணல் நகர்வதும் குறைகிறது. சிப்பித் துகள்களில் உள்ள சுண்ணாம்பு காலப்போக்கில் மழையில் கரைந்து இறங்குவதால், பழைய மேடுகளில் பிஹெச் மதிப்பு (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) சரிகிறது. செடிகள் அடர்ந்து மட்கு சேர்கிறது. இவை அனைத்தும் சேர்ந்தே மாறும்போது, பாக்டீரியாவை மாற்றியது எது என்பதைத் தூரத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியே இல்லை.

நெதர்லாந்தின் கடற்கரை இதற்கு நல்ல சான்று. பெர்கன் என்ற ஊருக்குத் தெற்கே உள்ள மணல்மேடுகளில் சுண்ணாம்பு மிகுதி. வடக்கே மிகக் குறைவு. இரண்டு பக்கமும் அதே வடகடல்தான், கடலிலிருந்து அதே தூரத்தில் மண் எடுக்கலாம். ஆனாலும் மண்ணின் வேதியியல் வேறு. நோவா ஃபியரர், ராபர்ட் ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் வட, தென் அமெரிக்காவின் 98 மண் மாதிரிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், பாக்டீரியாப் பன்மையோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது பிஹெச்தான். வெப்பநிலையும் அட்சரேகையும் அவ்வளவாகப் பொருந்தவில்லை. எனவே ஒரே செடியின் அடியில் வெவ்வேறு தூரங்களிலும், ஒரே தூரத்தில் வெவ்வேறு செடிகளின் அடியிலும் மண் எடுங்கள். பிஹெச், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், ஈரம், கரிமக் கார்பன் ஆகியவற்றை அதே மாதிரியில் அளந்துவிடுங்கள். மாவட்ட மண் வரைபடத்திலிருந்து எண்களை எடுத்து ஒட்டுவது அளவீடு ஆகாது.

அடுத்தது, மேடு முழுவதையும் ஒரே மணலாக நினைப்பது. இராவணன் மீசைப் புல்லின் வேரில் ஒட்டியிருக்கும் மணலும், ஓரடி தள்ளி வெறுமையாகக் கிடக்கும் மணலும் பாக்டீரியாவுக்கு வெவ்வேறு உலகங்கள். வேரிலிருந்து சர்க்கரைகளும் கரிம அமிலங்களும் கசிகின்றன. வெறும் மணலில் உணவே அரிது. அடம்பங்கொடி படர்ந்த இடம் இன்னொரு வகை. இவற்றை ஒரே பையில் கலந்தால் நாம் தேடும் வேறுபாடு அங்கேயே அழிந்துவிடும். ஆழமும் அப்படித்தான்: மேல்மணல் காய்ந்து கொதிக்கும்போது ஒரு சாண் கீழே ஈரம் இருக்கலாம். எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

தமிழகக் கரையில் வேலை செய்பவர்கள் சவுக்கை மறந்துவிடக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் சவுக்கு நடப்பட்டது. அதன் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. உதிர்ந்த சவுக்குத் தழை மணலை மூடுகிறது. அப்படிப்பட்ட மேட்டை இயற்கை மேடு என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது. நட்ட மரமா, தானாக வளர்ந்ததா என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஒரே பருவத்தில் மண் எடுத்து முடிவு சொல்வதும் ஆபத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேல்மணலின் உப்பைக் கழுவிவிடுகிறது. கோடையில் உப்பு மறுபடி சேர்கிறது. மழைக்குப் பின் எடுத்த மாதிரியை வைத்து, இந்தப் பாக்டீரியாக்களுக்கு உப்பு ஒரு பொருட்டல்ல என்று சொல்லிவிட முடியாது. ஒரே மேட்டில் ஐந்து குழி தோண்டினால் ஐந்து மேடுகளைப் பார்த்ததாகவும் ஆகாது.

ஆய்வகத்தில் நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை. பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் பெட்ரி தட்டில் வளர்வது மண் பாக்டீரியாக்களில் மிகச் சிறிய பங்கு, பொதுவாக நூற்றில் ஒன்று அளவுதான். மண்ணிலுள்ள டிஎன்ஏவைப் படித்து எந்தெந்தப் பாக்டீரியா என்று பட்டியலிடும் டிஎன்ஏ வரிசைப்படுத்தலுக்கும் வரம்பு உண்டு. மண்ணில் கிடைக்கும் பாக்டீரியா டிஎன்ஏவில் சராசரியாக 40 சதவீதம் இறந்த அல்லது சிதைந்த செல்களுடையது என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அந்தப் பாக்டீரியா அங்கே இப்போது உயிரோடு வேலை செய்கிறது என்று எழுதிவிடக் கூடாது. வரிசைப்படுத்தல் தருவது விழுக்காடு மட்டுமே: ஒரு குழுவின் பங்கு உயர்ந்தால், அது பெருகியிருக்கலாம், அல்லது மற்றவை குறைந்திருக்கலாம். மொத்த எண்ணிக்கையைத் தனியாக அளந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

வெறும் மணலில் பாக்டீரியா மிகவும் குறைவு என்பதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. டிஎன்ஏ பிரித்தெடுக்கும் வேதிப்பொருள்களிலேயே ஒட்டியிருக்கும் அந்நிய டிஎன்ஏ, முடிவில் பெரும்பங்காகத் தெரியக்கூடும். மண்ணே சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றை ஒவ்வொரு தொகுதியோடும் அதே முறையில் நடத்துங்கள்; அதில் தென்படும் பெயர்கள் மணல் மாதிரியிலும் இருந்தால், அவை உண்மையிலேயே மணலைச் சேர்ந்தவைதானா என்று சரிபார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.